லத்தேரி தாண்டினால் நின்றுவிடும் கார்

ஷெட் வாசல்: வாசகர் கேள்வி பதில்

கத்திரி வெயில் ஆரம்பித்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே புகார்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. இந்த முறையும் அப்படித்தான். எந்தெந்தப் பாகத்தை மாற்றினோம், எவ்வளவு செலவானது என்று எல்லோரும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது, திரும்ப எப்போது கிளம்புகிறது என்று எழுதியவர் ஒருவர்தான். அவருக்கு முதல் பதில்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது, கார்ப்ரேட்டர் வண்டி. மாதம் இரண்டு முறை மனைவியை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். வீட்டில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. கே.வி.குப்பம் வரை ராஜா மாதிரி வருகிறது. லத்தேரி தாண்டியதும் இழுவை குறைந்து, திக்கித் திணறி, நின்றுவிடுகிறது. மரத்தடியில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் எதுவும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. பிளக், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், கார்ப்ரேட்டர் கிட், பேட்டரி என்று மாற்றி 11,000 ரூபாய் போய்விட்டது. விற்றுத் தொலையுங்கள் என்கிறான் மகன். பி.கு.: போன முறை நின்றபோது பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன், ‘புஸ்’ என்று சத்தம் வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
- குடியாத்தம் வாசகர்

பதில்: ஐயா, அந்தப் பின்குறிப்பை முதல் வரியாக எழுதியிருந்தால் மீதிக் கடிதத்தை நான் படித்திருக்கவே மாட்டேன். என் சந்தேகம் முழுக்க அந்த மூடி மேல்தான்.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எடுத்து, வாயோடு ஒட்டவைத்து, இடைவெளி விடாமல் உறிஞ்சிப் பாருங்கள். முதல் இரண்டு மடக்கு வரும். அப்புறம் பாட்டில் ஒடுங்குமே தவிர தண்ணீர் வராது. உங்கள் டேங்க்கிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், லத்தேரி வருவதற்குள் ஒரு லிட்டருக்கு மேல் பெட்ரோல் வெளியே போயிருக்கும். போன இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்கான வழி மூடியிலோ, டேங்க்கிலிருந்து போகும் காற்றுக் குழாயிலோ இருக்கும். அது அடைபட்டால் பம்ப் ஒரு பக்கம் இழுக்கும், டேங்க் மறு பக்கம் இழுத்துப் பிடிக்கும். கடைசியில் டேங்க் ஜெயிக்கும், வண்டி நிற்கும். கால் மணி நேரத்தில் சந்து பொந்து வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டி கிளம்பிவிடும். நீங்கள் புதிதாகப் போட்ட பம்ப் பாவம், அது என்ன செய்யும்?

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ‘புஸ்’ சத்தம் இரண்டு விதம். வெயிலில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, மூடியைத் திறந்ததும் வெளியே சீறும். அது சாதாரணம். நமக்கு வேண்டியது உள்ளே இழுக்கும் ‘புஸ்’. காதால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பஸ் டிக்கெட் மாதிரி மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை மூடியின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். காகிதம் படபடத்து வெளியே தள்ளப்படுகிறதா, மூடியோடு போய் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்டால் திருடன் அகப்பட்டான். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கவேண்டாம்.

அடுத்த தடவை வேலூர் போகும்போது அரை டேங்குக்கு மேல் போடாமல், மூடியை முழுக்க இறுக்காமல் ஓட்டிப் பாருங்கள். லத்தேரி தாண்டி, காட்பாடி தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரை நிற்காமல் வந்தால் விடை தெரிந்துவிட்டது. இது சோதனைக்கு மட்டும்தான். தினமும் அப்படி ஓட்டக்கூடாது. உங்கள் மூடி எப்போதாவது தொலைந்து, கைக்குக் கிடைத்த வேறு மூடி போடப்பட்டதா? பழைய 800-களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். திருகு சரியாக உட்காரும், பூட்டும் வேலை செய்யும், காற்று போக வழி மட்டும் இருக்காது.

மூடி நிரபராதி என்றால்? நிற்கிற அந்த நிமிடம்தான் முக்கியம். மரத்தடிக்குப் போகாதீர்கள், பானெட்டைத் திறங்கள். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்ரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் லிவரைக் கையால் இழுங்கள். உள்ளே நூல்போலப் பெட்ரோல் பீய்ச்சினால் கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, கரண்ட் பக்கம் போகவேண்டும். பீய்ச்சாவிட்டால் பெட்ரோல் வரவில்லை. இந்த ஒரு சோதனையை யாராவது செய்திருந்தால் உங்கள் 11,000-த்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

பெட்ரோல் வரவில்லை என்றால், ஈரத்துணியைப் பிழிந்து பெட்ரோல் பம்ப் மேலும் அதற்கு வரும் குழாய் மேலும் போடுங்கள். பழைய அம்பாசிடர் டிரைவர்கள் இதற்கென்றே டிக்கியில் ஒரு துணி வைத்திருப்பார்கள். கால் மணிக்குப் பதில் இரண்டே நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் மே மாதம் 40 டிகிரி தாண்டுவது பெரிய செய்தி இல்லை, பானெட்டுக்குள் அதைவிடக் கூட. பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் கனமான பேக்கிங் ஒன்று வரும், சூடு ஏறாமல் தடுக்க. பம்ப் மாற்றியவர் அதைத் திரும்பப் போட்டாரா என்று கேளுங்கள். கூடவே, பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பிப் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றும் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் இருந்து கரண்ட் இல்லை என்றால், ஒரு பழைய பிளக்கை ஒயரில் மாட்டி என்ஜின் இரும்பில் ஒட்டவைத்து, வீட்டு அம்மாவைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். கார்ப்ரேட்டரிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள், ஏர் ஃபில்டரைத் திரும்ப மூடிய பிறகு. பொறி நீலமாக, ‘டிக்’ என்று சத்தத்தோடு வரவேண்டும். மஞ்சளாக, சோம்பலாக வந்தாலோ, வராவிட்டாலோ பிளக்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயிலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அதுதான் ஆள். சூடானால் சாகும், ஆறினால் பிழைக்கும்.

இவ்வளவு பேசுகிற நானும் ஏமாந்தவன்தான். ராணிப்பேட்டையில் ஒரு ஷெட்டில் வேலை கற்றுக்கொண்டிருந்த காலம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாயை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். வாடகை அம்பாசிடர் ஒன்று வந்தது, உங்கள் வண்டி மாதிரியே நோய். அந்தக் கார்ப்ரேட்டரை மூன்று தடவை பிரித்து மாட்டினேன். உஸ்தாத் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது தடவை ஸ்பேனரை எடுத்தபோது டேங்க்கைக் கீழே இறக்கச் சொன்னார். உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு பாலித்தீன் துண்டு. யாரோ புனலுக்குப் பதிலாகப் பையைக் கிழித்து வைத்துப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள். வண்டி ஓடும்போது அது குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், வண்டி நின்றால் விலகிவிடும். உஸ்தாத் அந்தத் துண்டைக் கழுவிக் காயவைத்து, ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டினார். நான் அங்கிருந்து கிளம்பும் வரை அது என் தலைக்கு நேர் மேலேயே தொங்கியது.

மகன் சொல்கிறபடி விற்பதானாலும், சரிசெய்துவிட்டு விற்கலாம் ஐயா. நடுவழியில் நிற்கிற காருக்கு யார் விலை கொடுப்பார்கள்?

கேள்வி: அப்பாவின் பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர். அவர் இறந்து மூன்று வருடமாகச் சும்மா நின்றது. இப்போது நான் பாகாயத்துக்கு வேலைக்குப் போய்வர எடுத்திருக்கிறேன். ஓடும்போது பிரச்சினை இல்லை. ஆனால் கிரீன் சர்க்கிள் சிக்னலில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். முறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றால் ஆஃப் ஆவதில்லை. அப்பா மாதிரியே சாய்த்துச் சாய்த்துத்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.
- சத்துவாச்சாரி வாசகி

பதில்: அம்மா, சாய்த்து ஸ்டார்ட் செய்வதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கிண்ணத்துக்குப் பெட்ரோல் இறங்கட்டும் என்று செய்வது அது. எங்கள் தலைமுறைக்கே அந்தப் பழக்கம் கையில் ஊறியது.

முறுக்கினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு. கார்ப்ரேட்டரில் வேகமாக ஓட ஒரு வழி, சும்மா நிற்கும்போது ஓட ஒரு வழி. இரண்டாவதன் துவாரம் தலைமுடி கனம்தான். மூன்று வருடம் நின்ற பெட்ரோல் கிண்ணத்திலேயே காய்ந்து பிசினாகி, முதலில் அதைத்தான் அடைக்கும். கிண்ணத்தைக் கழற்றியதும் வார்னிஷ் வாசனை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஜெட்டைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரியவேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் பாதி அடைப்பு. இங்கேதான் நம் ஆட்கள் ஸ்டவ் பின்னை எடுத்துக் குத்துவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். பித்தளை மென்மையான உலோகம், துவாரம் பெரிதானால் பெட்ரோல் குடித்துத் தீர்க்கும், அப்புறம் புது ஜெட்தான். கார்ப்ரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடையில் காற்று அடித்தால் போதும். அப்படியும் போகாவிட்டால் பழைய மின் ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து மெதுவாக நுழைக்கலாம். மாட்டிய பிறகு ஏர் ஸ்குரூவை மெதுவாக முழுக்க உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். என்ஜின் சூடான பிறகு முன்னே பின்னே கால் சுற்று திருப்பி, எங்கே சீராக ஓடுகிறதோ அங்கே விட்டுவிடுங்கள்.

ஜெட்டுக்கு முன்னால் டேங்க்கைக் காலி செய்யுங்கள். பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அது தண்ணீர். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் பாலாற்றைக் கிண்டல் செய்வார்கள். வேலூரில் தண்ணீர் எங்கே போனது என்றால், இப்படி நின்றுபோன ஸ்கூட்டர் டேங்குகளில்தான் பாதி இருக்கிறது. பழைய ரப்பர் குழாயையும் மாற்றிவிடுங்கள், இந்தப் பெட்ரோலுக்கு அது உப்பி வெடிக்கும்.

இன்னொன்று. அப்பா காலத்து ஆட்கள் பாசத்தில் பெட்ரோலோடு ஆயில் அதிகம் ஊற்றுவார்கள். லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் போதும். கூடினால் பிளக் கறுத்து, அதுவே நிற்கக் காரணமாகும்.

இதெல்லாம் செய்தும் ஸ்லோ ஸ்பீடு ஒரு நிலையில் நிற்காமல் மேலும் கீழும் ஏறி இறங்கினால், என்ஜினுக்குள் சுழலும் தண்டின் ஓரத்தில் இருக்கும் கிராங்க் ஆயில் சீல் காற்று இழுக்கிறது. அது என்ஜினைப் பிரிக்கிற வேலை. அதற்கு முன் யாராவது பிரிக்கச் சொன்னால் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, தாத்தாவின் புல்லட், பாயிண்ட் வண்டி. அரை மணி நேரம் ஓடியதும் சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடித்து நின்றுவிடுகிறது. புது பாயிண்ட் போட்டும் ஒரு மாதத்தில் கரிந்துவிடுகிறது.
- ஆற்காடு வாசகர்

பதில்: தம்பி, பாயிண்ட்டைக் கரிப்பது கண்டென்சர். பாயிண்ட் என்பது கரண்டை வெட்டி வெட்டி விடும் சுவிட்ச். அது திறக்கும் நொடியில் கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதை வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சர் வேலை. சூட்டில் அது கைவிட்டால் பாயிண்ட்டிலேயே பொறி பறக்கும், பிளக்குக்கு எதுவும் மிஞ்சாது.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பாயிண்ட் மூடியைக் கழற்றி, வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்குப் பொறி வந்தால் பரவாயில்லை. வெல்டிங் மாதிரி வெள்ளையாக மினுக்கினால் கண்டென்சர் போய்விட்டது. ஒரு பிளேட் ஆம்பூர் பிரியாணி விலைக்கு மேல் போகாத சாமான்தான். இரண்டாக வாங்குங்கள். புதிதிலேயே செத்துப் பிறந்த கண்டென்சர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லையென்றால் சவர பிளேடு ஒன்றின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர், நாலு பிளேடைச் சேர்த்து நுழைத்துப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். பிளேடு எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்கட்டும், விரலும் பத்திரம்.

கேள்வி: டீசல் ஜீப் ஏலகிரி மலை ஏறும்போது ஆறாவது, ஏழாவது வளைவில் நிற்கிறது. சமதரையில் நிற்பதில்லை.
- திருப்பத்தூர் வாசகர்

பதில்: பதினாலு வளைவில் பாதிக்கு வந்து நிற்கிறது என்றால் முதலில் டேங்க்கில் டீசல் எவ்வளவு என்று பாருங்கள். குறைவாக இருந்தால் ஏற்றத்தில் டீசல் பின்னால் ஒதுங்கி, குழாய் காற்றை இழுக்கும். டேங்க் நிறைய இருந்தும் நின்றால் எங்கோ வெடித்த ஓஸ், தளர்ந்த கிளிப், தேய்ந்த செம்பு வாஷர். டீசல் வெளியே ஒழுகாது, காற்று மட்டும் உள்ளே போகும். அதனால்தான் கண்ணில் படாது. ஃபில்டர் மேல் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள், நுரை நின்று டீசல் சுத்தமாக வந்ததும் இறுக்குங்கள். மறுநாளே திரும்ப நுரை வந்தால் டேங்க்கிலிருந்து ஃபில்டர் வரைக்கும் ஓஸை மொத்தமாக மாற்றுங்கள். நிற்கும்போது சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்குங்கள், இதை மறந்தவர்கள் உண்டு.

கேள்வி: 2005 ஆல்டோ. ஏசி போட்டுக்கொண்டு மெதுவாகப் போனால் ஆஃப் ஆகிறது. சில சமயம் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாமல், நாலு பேர் சேர்ந்து தள்ளுகிறோம். தள்ளலாமா?
- காட்பாடி வாசகர்

பதில்: உங்கள் வண்டியில் கார்ப்ரேட்டர் கிடையாது, யாரையும் டியூனிங் செய்யவிடாதீர்கள். என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் இருக்கும் திராட்டில் பாடியைக் கழற்றி, தகட்டின் ஓரத்தில் படிந்திருக்கும் கரியைக் கிளீனர் போட்டுத் துணியால் துடைத்தாலே ஏசி போட்டபோது நிற்கிற பிரச்சினை அநேகமாகப் போய்விடும். போகாவிட்டால் ஐடில் ஏர் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் என்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம், ஸ்கேன் போட்டுப் பாருங்கள்.

தள்ளுவதைப் பற்றி: எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரில் போய்ச் சேர்ந்தால் அது கெடும், விலை உங்களுக்கே தெரியும். தவிர, பேட்டரி இறங்கிய வண்டியைத்தான் தள்ளவேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்றால், அது செய்து முடித்த வேலையைத்தான் அந்த நாலு பேரும் வெயிலில் திரும்பச் செய்கிறார்கள்.